ஆசிட் ஊத்தினியாலேன்னு அப்பா கேட்டாரு

லேய் மக்கா,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சுகம்தானா? உனக்க மெசேஜ் வந்து பத்து நாளாச்சி, பதில் போடலன்னு கோவிச்சிக்காத, இங்க ஒரு கூத்து நடந்து அதுக்க பின்னாடியே ஓடிட்டு கெடந்தேன். அம்மைக்கு முட்டுவலி கொஞ்சம் கொறவு. சின்னவ பிளஸ் டூ போயிட்டா. வேற விசேஷம் ஒண்ணும் இல்ல.

கூத்து என்னன்னா, மார்த்தாண்டம் பக்கம் சூட்டுல உருக்கி ஒட்டுற பசைக்குச்சிய மெஷின்ல ஓட்டுறோம்லா, அதுல முக்காவாசி வேலைய பாக்குறது ஈவிஏ, எத்திலீனும் வினைல் அசிட்டேட்டும் சேந்த பிளாஸ்டிக்கு, கோபாலிமர். ஆனி மாசத்து காத்தும் சாரலும் உனக்கு தெரியும், சாயங்காலம் ஏழு மணிக்கு கரண்டு போச்சி, எட்டு மணிக்கு வந்துச்சி, வந்ததும் ஹீட்டர் எல்லாம் தானா பத்திக்கிச்சி, ஆனா மோட்டர் நாம பட்டன் அமுக்குனாத்தான் ஓடும். பையன் சாயா குடிக்க போயிருக்கான், நான் வாசல்ல நின்னு போன் பேசிட்டு இருக்கேன். இதுக்கெடையில மெஷின் குழாய்க்க மூணாவது சோன்ல சூட்ட அளக்குற தெர்மோகப்புள் ஓட்டையில இருந்து வெளிய வந்து தொங்கிட்டு கெடந்திருக்கு, யாரும் பாக்கல. செட் பண்ணுனது 170 டிகிரி, மீட்டர் காட்டுறது 110. சூடு பத்தலன்னு நெனச்சி கண்ட்ரோலர் ஹீட்டர நிப்பாட்டவே இல்ல. மீட்டரு பாவம், அது தொட்டுட்டு இருந்த காத்துக்க சூட்டத்தான சொல்லும்.

மொதல்ல நெல்லிக்கா ஊறுகா பரணிய யாரோ தொறந்த மாதிரி ஒரு வாடை. ரெண்டு நிமிஷத்துல மூக்கு எரியுது, கண்ணு எரியுது. உள்ள ஓடி பாத்தா சரக்கு வெளிய வர்ற நாசில்ல வெள்ளப்பொக. மெயின ஆஃப் பண்ணிட்டு ஒதுங்கி நின்னேன், நல்ல காலம் நேர நிக்கல, உள்ள கேஸ் கட்டிட்டு நிக்கும் பாத்தியா, டப்புன்னு ஒரு சத்தம், ஒரு கட்டி தெறிச்சி எதுத்த சுவத்துல போய் ஒட்டிச்சி. ஆறுனப்புறம் சொரண்டி எடுத்து பாத்தேன், அசல் கருப்பட்டி நெறம், உடைச்சா உள்ள ஆப்பம் மாதிரி ஓட்ட ஓட்டயா இருக்கு.

ராத்திரி குலசேகரத்துக்கு வீட்டுக்கு வந்து சட்டைய கழட்டுறேன், அப்பா திண்ணையில இருந்தே மோந்துட்டு "என்னலே, ஷீட்டடிக்க ஆசிட் ஊத்தினியாலே"ன்னு கேட்டாரு. நாப்பது வருஷம் ரப்பர் பால் ஒறைய வச்ச மூக்குல்லா. ஒரே ஒரு கார்பன்லதான் அவருக்கு தப்பிச்சி. அவரு பால்ல ஊத்துறது ஃபார்மிக் ஆசிட், கார்பன் ஒண்ணு. எனக்க மெஷின்ல இருந்து வந்தது அசிட்டிக் ஆசிட், வினிகர்ல இருக்கது, கார்பன் ரெண்டு.

நாகர்கோவில்ல பிஎஸ்சி படிச்சப்ப நாம எழுதி பாஸான அதே எலிமினேஷன்தான்டே இது, அன்னைக்கு ஒரு மண்ணும் வெளங்கல. எத்திலீன் சங்கிலியில அங்கங்க அசிட்டேட் தொங்குது. முன்னூறு டிகிரி தாண்டி சூடேறினா அந்த அசிட்டேட்டு பக்கத்து கார்பன்ல இருக்க ஹைட்ரஜன ஒண்ண புடுங்கிட்டு அசிட்டிக் ஆசிடா எறங்கி போயிரும், சங்கிலி அறாது, போன எடத்துல ஒரு டபுள் பாண்டு மட்டும் மிச்சம். அதெல்லாம் அடுத்தடுத்து வரிசையா அமையிற எடத்துலயும், காத்து பட்டு ஆக்சிஜன் ஏறுற எடத்துலயும்தான் அந்த கருப்பட்டி நெறம் வருது. பிவிசி கருகுறதும் இதே கததான், ஆனா அதுல ஒவ்வொரு யூனிட்லயும் குளோரின் இருக்கதால டபுள் பாண்டு நெருக்கமா வந்து சீக்கிரம் கறுத்துரும், ஈவிஏல எத்திலீன் நடுவுல நடுவுல நின்னு தள்ளி வச்சிருது.

ஒரு கணக்கு போட்டு பாத்தேன், உனக்கு பிடிக்கும். வினைல் அசிட்டேட் மூலக்கூறு எடை 86, அசிட்டிக் ஆசிட் 60. நாம வாங்குறது 28 சதவீத கிரேடு, அப்ப நூறு கிராம் ஈவிஏ முழுசா ஆசிட விட்டுட்டா 19.5 கிராம் போயிரும். சூடேத்திட்டே எடை கொறையுறத அளக்குற டிஜிஏ கிராஃப்ல மொத படி எறங்குறது இதுதான், அந்த எறக்கத்த வச்சே சரக்குல எத்தன சதவீதம் இருக்குன்னு சொல்லிரலாம். ரெண்டாவது படி நானூறுக்கு மேல, அப்பத்தான் சங்கிலியே கண்ட எடத்துல அறுந்து மெழுகும் எண்ணெயும் கேஸுமா ஆவுறது. பெர்ஸ்பெக்ஸ், அந்த கண்ணாடி மாதிரி அக்ரிலிக் ஷீட்டு, அது மாதிரி ஒழுங்கா திரும்ப மோனோமரா பிரியாது இது. குப்பையில பாலித்தீன் எரியும்போது மெழுகுவர்த்தி வாடை வருதுல்லா, அதுவும் இந்த அறுந்த துண்டுகதான்.

சூடு ஆறி தெர்மோகப்புள திரும்ப சொருவி, எல்டிபிஇய, அதான் சாதா பாலித்தீன, போட்டு தள்ளிட்டே இருந்தேன், வெள்ளையா வரதுக்கு ஒரு சாக்கு போச்சி. நியாயமா கரண்டு போற சீசன்ல ராத்திரி நிப்பாட்டும்போதே எல்டிபிஇ நெரப்பித்தான் நிப்பாட்டணும், சோம்பல்.

நீ கேபிள் கம்பெனியில இருக்க, இதெல்லாம் உனக்கு தெரிஞ்சிருக்கும். ஈவிஏக்கு பதிலா எத்திலீனோட மெத்தில் அக்ரிலேட் சேந்த கோபாலிமர் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும்ல, மெத்திலுக்கு புடுங்கிட்டு போக தோதான ஹைட்ரஜன் இல்லாததால? பியூட்டைல் அக்ரிலேட்டுன்னா பியூட்டீன் போயி ஆசிட் சங்கிலியிலேயே நின்னுரும், அதனால இந்த ஆசிட் வாடை வராது, அதுதான் எனக்கு பயம். வாடை வந்ததாலதான அன்னைக்கு தப்பிச்சேன். வெல வேற கூடுதல்.

அப்பறம் உனக்க வீட்டு மாடி சோலார் மஞ்சளடிக்குன்னு சொன்னல்லா, அந்த கண்ணாடிக்கு அடியில ஒட்டி இருக்கதும் ஈவிஏ ஷீட்டுதான். 1980கள்ல கலிஃபோர்னியாவுல கரிசா சமவெளியில கண்ணாடி வச்சி வெயில கூட்டி அடிச்ச பேனல்ல இது பழுப்பாவே போயிருச்சி. உனக்கதுல ஓரத்துலயும் கம்பி பக்கத்துலயும் பழுப்பு இருக்கான்னு தம்பிய ஏணி வச்சி பாக்க சொல்லு, ஈரமும் சேந்தா அந்த ஆசிட் கம்பிய அரிக்கும். போட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, பாத்துட்டு சொல்றேன்.

ஓணத்துக்கு லீவு கெடைக்குமா? கெடைச்சா வரும்போது அங்க ஸ்டோர்ல நல்ல ஸ்பிரிங் லாக் வச்ச தெர்மோகப்புள், கே டைப், நாலு எண்ணம் பாத்து வாங்கிட்டு வா, காசு தந்துருகேன். திருவனந்தபுரத்துல வண்டியோட வந்து நிக்கேன்.

அந்த கருப்பட்டிக் கட்டிய வச்சிருக்கேன், நீ வந்தா காட்டுகேன்.