முதல் மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர்களுக்கு

மனச்சோர்வுக்கு மருந்து எழுதும் மருத்துவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். பல வருடங்களாக உங்கள் மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து வரும் நோயாளிகளில் ஒருவர் எழுதுகிறேன். மாத்திரை எனக்கு உதவியிருக்கிறது, இன்றும் உதவுகிறது. அதனால் இது மருந்துக்கு எதிரான மடல் இல்லை. கொடுக்கிற மருந்தை நாங்கள் பாதியில் விட்டுவிடாமல் இருக்க நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்லுங்கள் என்று கேட்கும் மடல்.

“தினமும் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரு மாசம் கழிச்சு வாங்க.” பெரும்பாலும் எங்கள் காதில் விழுவது இவ்வளவுதான். மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் முதலில் எழுதப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளில் குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு, ஒருவிதப் படபடப்பு எல்லாம் முதல் சில நாட்களிலேயே வரக்கூடும். மனம் தேறத் தொடங்கவோ 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். தொல்லை முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். இந்த வரிசை உங்களுக்கு மனப்பாடம். எங்களுக்கு யாரும் சொல்லாவிட்டால், “மருந்துகூட என்னைச் சரி பண்ணாது” என்ற முடிவுக்கு இரண்டாவது வாரத்திலேயே வந்துவிடுவோம். நீ தேறவே மாட்டாய் என்று அந்த நோய் ஏற்கெனவே ஓதிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது அதன் கையில் ஒரு சாட்சியும் கிடைத்துவிடும்.

முதல் மாத்திரை பலிக்காமல் போவது சகஜம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் நடந்து 2006-இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி என்ற மனச்சோர்வு சிகிச்சை ஆய்வில், முதல் மருந்திலேயே அறிகுறிகள் கிட்டத்தட்ட மறைந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு மருந்தை மாற்றியோ வேறொன்றைச் சேர்த்தோ பார்த்தார்கள். இது தெரிந்திருந்தால், இரண்டாவது சீட்டு எழுதும்போது நாங்கள் தோற்றுப்போனதுபோலத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க மாட்டோம்.

சங்கடமான ஒன்று. தாம்பத்திய ஆசை குறைவது, உச்சம் எட்டாமல் போவது இந்த மாத்திரைகளில் அடிக்கடி நடப்பது. நீங்களாகக் கேட்டால் ஒழிய நாங்கள் வாய் திறக்க மாட்டோம், அதுவும் பக்கத்தில் வீட்டார் உட்கார்ந்திருந்தால் நிச்சயமாக மாட்டோம். சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, அடுத்த முறை வரும்போது ஒழுங்காகச் சாப்பிடுவதாகத் தலையாட்டுவோம். டோஸைக் குறைக்கலாம், புப்ரோபியான் போல இந்தத் தொல்லை குறைவான மருந்துக்கு மாறலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கூட வந்தவரை இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நேராகக் கேளுங்கள்.

நன்றாக ஆனபிறகு வருவது இன்னொரு ஆபத்து. “இப்பத்தான் நல்லா இருக்கியே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று வீட்டில் கேட்பார்கள். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், முன்பும் வந்து போயிருந்தால் இன்னும் அதிக காலம் ஆகலாம் என்பதை வீட்டாருக்கும் நீங்கள் சொன்னால்தான் எடுபடும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மருந்துகளில் இது அதிகம். அதை அனுபவித்தவர், “பார்த்தியா, அடிமையாக்கிடுச்சு” என்று ஊரெல்லாம் சொல்வார். படிப்படியாகக் குறைத்தால் இதைப் பெரும்பாலும் தணிக்கலாம் என்ற தகவல் அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

அப்புறம், மருந்து மட்டுமே பேச்சாகிவிடுவது. “முடிஞ்சா கவுன்சலிங்கும் போங்க” என்று கதவருகே சொல்லி அனுப்புகிறீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கத் தொடங்கிய சிபிடி, அதாவது நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, லேசான மனச்சோர்வுக்குப் பல நேரம் மாத்திரை இல்லாமலே போதுமானது. கடுமையானதற்கு மருந்தும் அதுவும் சேரும்போது பலன் கூடுகிறது. அப்படியிருக்க, அது ஏன் கதவருகே சொல்லும் விஷயமாக இருக்கிறது? அங்கே என்ன நடக்கும் என்றும் சொல்லுங்கள். யாரோ அறிவுரை சொல்வார்கள் என்று பயந்தே பலர் போவதில்லை. நினைப்பை எழுதி வைத்து, அது எவ்வளவு தூரம் உண்மை என்று சோதித்துப் பார்க்கும் வீட்டுப்பாடம் அங்கே உண்டு என்று எனக்குத் தெரிந்ததே வெகு தாமதமாகத்தான்.

“நல்லா நடங்க, மனசை உற்சாகமா வெச்சுக்கோங்க” என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குளிக்கவே தெம்பில்லாதவரிடம் சொல்லும் பேச்சா அது? உற்சாகம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது, சின்னதாக ஏதாவது செய்த பிறகுதான் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நடத்தைத் தூண்டல் சிகிச்சையின் அடிப்படையே இதுதான். மாத்திரைக்கு எழுதுவதுபோல இதற்கும் அளவும் நேரமும் எழுதிக் கொடுங்கள்: காலை 8 மணி, தெருமுனை வரை, 5 நிமிடம், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அடுத்த முறை வரும்போது, மாத்திரையைப் பற்றிக் கேட்கும் அதே குரலில் இதையும் கேளுங்கள்.

நேரமில்லை என்பீர்கள். வெளியே காத்திருக்கும் கூட்டத்தை நானும் பார்க்கிறேன். சரி, இதையெல்லாம் ஒரு தாளில் அச்சிட்டுச் சீட்டோடு கொடுங்கள். மனச்சோர்வில் சொன்னது எதுவும் நினைவில் நிற்காது என்பதால், உங்களுக்கு நேரம் இருந்தாலும் அந்தத் தாள் வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த மாத்திரைகளைத் தொடங்கும் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் எச்சரிக்கையை விரிவாக்கியது. ஆகவே, எந்த வயதுக்காரராக இருந்தாலும் அப்படி ஓர் எண்ணம் வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்பது அந்தத் தாளின் முதல் வரியாக இருக்கட்டும். ராத்திரியில் கூப்பிட்டால் யாராவது எடுக்கும் ஒரு போன் நம்பர் இரண்டாவது வரியாக.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவர்