திரும்பும் நேரத்தையும் விளம்பரத்தில் போடுங்கள்

கரடுமுரடான பாதை வழியாக ஒரே நாளில் அருவிக்கு பைக் பயணம் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் விளம்பரங்களில் அருவியின் படம் பெரிதாக இருக்கிறது. புறப்படும் நேரம், சாப்பாடு, வாடகை பைக், ஹெல்மெட் எல்லாம் இருக்கின்றன. வழியில் எங்கே இருந்தாலும் இத்தனை மணிக்கு வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பிவிடுவோம் என்ற வரி மட்டும் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல்.

அருவியைக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டால் காட்டியே தீரவேண்டியிருக்கிறது. அப்புறம் நாள் முழுவதும் வண்டியை ஓட்டுவது அந்தக் கட்டாயம்தான். தார்ச்சாலைக்காக 30 பிஎஸ்ஐ காற்று வைத்த டயரை 20 அளவுக்கு இறக்கினால் அது கல்லின் மேல் படிந்து பிடிக்கும். இறக்காவிட்டால் கல்லுக்குக் கல் தெறிக்கும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஓட்டவும், முன்சக்கரத்தையே பார்க்காமல் பாதையைத் தள்ளிப் பார்க்கவும் புதியவருக்குப் பழக்கிவிட அரைமணி நேரம் போதும். தாமதமானால் முதலில் வெட்டுப்படுவது அந்த அரைமணிதான்.

கடைசியில் வருபவரைக் கவனித்துப் பாருங்கள். முன்னே போனவர்கள் நிழலில் நின்று தண்ணீர் குடித்து, படம் எடுத்து, கதை பேசி முடித்திருப்பார்கள். அவர் வந்து சேர்ந்து ஸ்டாண்டைக் காலால் துழாவிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்களின் எஞ்சின்கள் உறுமத் தொடங்கிவிடும். “எல்லோரும் வந்தாயிற்று, கிளம்பலாம்” என்கிறார் வழிகாட்டி. ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு அது அறவே கிடையாது. கையுறையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் மறுபடி ஏறுவார். கொஞ்ச தூரத்தில் முன்கை இறுகி, கிளட்சை இழுக்க விரல்கள் மறுக்கும். கால் சோர்ந்து உட்கார்ந்தே ஓட்டுவார். பிறகு விழ ஆரம்பிப்பார். பெரிய அட்வென்ச்சர் பைக்குகள் பல 200 கிலோவைத் தாண்டுபவை. ஒன்றிரண்டு முறை தூக்கி நிறுத்தினாலே இருக்கிற தெம்பும் போய்விடும். கடைசி ஆள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்கும் என்று வைத்துக்கொள்ள என்ன தடை? அருவி காத்திருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஓடையைக் கடக்கும்போதும் இதே அவசரம். யாராவது ஒருவர் இறங்கி நடந்து ஆழத்தையும் அடியில் கிடக்கும் கல்லையும் பார்த்துவிட்டு வரவேண்டும். அவசரத்தில் “என் பின்னாலேயே வாருங்கள்” என்பதோடு முடிந்துவிடுகிறது. ஓடும் எஞ்சினின் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால், காற்றைப்போல அது அமுங்காது. எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். நீரில் மூழ்கி அணைந்த வண்டியில் செல்ஃப் பொத்தானை அழுத்தக் கூடாது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே கிளப்ப வேண்டும் என்பதைக் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லுங்கள். (படத்துக்காக ஓடைக்குள் மேலும் கீழும் ஓட்டச் சொல்வதையும் நிறுத்துங்கள். கிளம்பும் சேறு கீழே மீன் முட்டையிடும் சரளையை மூடிவிடும்.)

எனக்குப் பெரிய பயம் மழை. மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. அருவியடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே எங்கோ கொட்டியிருக்கலாம். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியுமாக வந்து, இரைச்சல் கூடினால் உடனே மேட்டுக்கு ஏறியாக வேண்டும். அப்படியே தப்பினாலும், காலையில் முழங்கால் அளவு இருந்த ஓடை திரும்பும் வழியில் இடுப்பளவு ஓடினால் என்ன செய்வீர்கள்? களைத்த கூட்டம், மங்கும் வெளிச்சம், அக்கரையில் வீடு. எவ்வளவு அனுபவமுள்ள வழிகாட்டியானாலும் அந்த இடத்தில் நல்ல முடிவு எடுப்பது கடினம். நல்ல முடிவை நண்பகலுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

“பாதியில் திருப்பினால் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்களே” என்பீர்கள். கேட்கத்தான் செய்வார்கள், அருவியைச் சொல்லி விற்றால். எங்களிலும் சிலர் “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று நச்சரிப்பவர்கள்தான். பணம் கட்டும் முன்பே நிபந்தனை தெரிந்திருந்தால் அந்தப் பேச்சு எழாது. அது பிடிக்காதவர் வேறு குழுவுக்குப் போகட்டும், உங்களுக்கு நஷ்டமில்லை.

நேரத்தை இருட்டும் பொழுதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மிக மெதுவாக ஓட்டுபவரின் வேகத்தை எடுத்துக்கொண்டு, ஒரு பஞ்சருக்கும் நேரம் ஒதுக்குங்கள். அந்தக் கணக்கில் கிடைக்கும் மணியை விளம்பரத்தில் அருவியின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட்டு, கீழே இப்படி எழுதுங்கள்: “அதற்குள் அருவி வந்தால் குளிப்போம். வராவிட்டால் இருக்கும் இடத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். கட்டணத்தில் மாற்றமில்லை.”

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்