37 நாளாகியும் ஒட்டிக்கொண்டிருக்கும் மேசை பற்றிய புகார்

அனுப்புநர்:
ஆயர் ஈத்தாம், பினாங்கிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் உங்களிடம் ஏற்கெனவே நான்கு முறை கொடுத்தாயிற்று)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், ஷா ஆலாம்

நாள்: 3 நவம்பர் 2025

பொருள்: காயாத எபாக்சி பிசின், தவறான விளக்கத் தாள், உங்கள் ஊழியர்கள் பேசிய பேச்சு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையார்,

வணக்கம். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் உங்கள் நிறுவனத்தோடு தொலைபேசியில் ஒன்பது முறை பேசிவிட்டேன். வாட்ஸ்அப்பில் பதினான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன். மூன்று புகார் எண்கள் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பழைய எண் "முடிக்கப்பட்டுவிட்டது" என்று சொல்லிப் புதிய எண் தருகிறார்கள். எது முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மேசை இன்னும் ஒட்டுகிறது.

எந்தப் பொருள் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நீல மூடிப் பெரிய போத்தலும் வெள்ளை மூடிச் சின்னப் போத்தலும் ஒரே பெட்டியில் வருமே, அதுதான். விலை 189 ரிங்கிட் 90 சென். ரசீது இருக்கிறது. அதன் நகல் மூன்று முறை அனுப்பப்பட்டிருக்கிறது.

என் வீட்டில் கடையில் வாங்கிய அலங்காரப் பொருள் என்று சொல்லிக்கொள்ள அதிகமாக எதுவும் கிடையாது. என் தாத்தாவும் பாட்டியும் பால் மரம் வெட்டிய சுங்கைப் பட்டாணிப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் கைமாறியபோது, வேலியோரம் கிடந்த பால் பிடிக்கும் மங்குகளைப் பொறுக்கி வந்து, அடியில் துளைபோட்டு, பதினொரு விளக்காகக் கூடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். பழைய சேலைகள் மெத்தை உறையாகிவிட்டன. பால் டின்களில் கறிவேப்பிலையும் துளசியும் வளர்கின்றன. கதவுக் கைப்பிடிகள் லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பேரம்பேசி வாங்கியவை. என் மகனுக்கு இதெல்லாம் குப்பை. இருக்கட்டும், அவனோடு எனக்குள்ள வழக்கு வேறு.

இவற்றுக்கெல்லாம் நடுவில் வைக்கத்தான் அந்த மேசை. கால் அம்மாவின் சிங்கர் தையல் இயந்திரத்தினுடையது. வார்ப்பிரும்பு, மிதிபலகையோடு. இயந்திரம் துருப்பிடித்துப் போய்விட்டது, காலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மேல்பலகை எங்கள் தோட்டத்து வீட்டுக் கதவு, மெராந்தி மரம். வீட்டை இடிக்கும்போது அப்பா அதை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முதலில் 80ஆம் எண் தாள், பிறகு 120, கடைசியில் நைசான 240. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. அந்தப் பலகையின்மேல் அம்மாவின் அரக்குச் சேலையிலிருந்து ஒரு முழம் கரையை வெட்டிப் பரப்பினேன். அதைச் சுற்றி அவர் சேர்த்துவைத்த சிப்பிப் பொத்தான்கள். ஓரத்தில் அவருடைய இஞ்சு நாடா. அதில் 30க்கும் 40க்கும் நடுவில் எண்கள் அழிந்துபோயிருக்கும். ஊர்ப் பெண்களின் ரவிக்கை அளவெல்லாம் அந்தப் பத்து அங்குலத்துக்குள்தான். இவை எல்லாவற்றையும் மூடி, கண்ணாடி போல மேலே உங்கள் பிசினை ஊற்றினேன்.

அதை ஊற்றியது செப்டம்பர் 27. பெட்டியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? "24 மணி நேரத்தில் தொடலாம், 7 நாளில் முழுமையாக இறுகும்." இன்று 37ஆவது நாள்.

"ஆண்ட்டி, இது தெரிந்தவர்கள் செய்கிற வேலை. காணொளி பார்த்துச் செய்தால் இப்படித்தான் ஆகும்."

இது அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை காலை, உங்கள் தொலைபேசிச் சேவையில் இருந்த தமிழ்ப் பையன் சொன்னது. முதலில் மலாயில் பேசினார். நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். அடடா, நம் பிள்ளை, காது கொடுத்துக் கேட்பான் என்று நினைத்தேன். மரியாதையை மலாயிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் விளக்கத் தாளைப் பற்றி ஆரம்பித்தபோது குறுக்கே விழுந்து, "எங்கள் பொருளில் குறை இல்லை, உங்கள் பினாங்கில்தான் ஈரம் அதிகம்" என்றார். ஐயா, நீங்கள் இதை மலேசியாவில் விற்கிறீர்கள். ஷா ஆலாம் என்ன பாலைவனமா? ஈரக் காற்றில் காயாத பொருளை இந்த நாட்டில் யாருக்கு விற்க உத்தேசம்?

நான் எதையும் தெரியாமல் பேசவில்லை. உங்கள் பிசின் சாதாரண வார்னிஷ் போல ஆவியாகிக் காய்வது கிடையாது. பெரிய போத்தலில் இருக்கும் பிசினும் சின்னப் போத்தலில் இருக்கும் ஹார்டனரும் (இறுகவைக்கும் திரவம்) ஒன்றோடொன்று வினைபுரிந்துதான் இறுகும். அதனால் அளவு துல்லியமாக இருக்க வேண்டும். ஹார்டனர் கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். கூட ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது பெயிண்ட் வேலை செய்பவர்கள் சிலரிடம் இருக்கும் தவறான எண்ணம். காற்றில் ஈரம் மிகுந்தால் மேற்பரப்பில் மெழுகு போல ஒரு படலம் வரும் என்பதும் உண்மைதான். ஆனால் அது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போய்விடும், அடியில் கெட்டியாகத்தான் இருக்கும். நான் துடைத்துப் பார்த்தேன். என் மேசையில் போவதற்குப் படலம் எதுவும் இல்லை. அடிவரை கொழகொழவென்று இருக்கிறது. நகத்தை அழுத்தினால் உள்ளே இறங்குகிறது.

இப்போது உங்கள் போத்தலையும் உங்கள் விளக்கத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போத்தல் லேபிளில் "கொள்ளளவில் 2:1" என்று இருக்கிறது. உள்ளே மடித்து வைத்த தாளில் "எடையில் 2:1". இரண்டும் ஒன்று என்று எழுதியவர் நினைத்துவிட்டார் போலும். பிசின் கனமானது, ஹார்டனர் இலேசானது. வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 100 மில்லி பிசின் 113 கிராம். அதே குவளையில் 100 மில்லி ஹார்டனர் 97 கிராம். நான் தாளை நம்பி 600 கிராமுக்கு 300 கிராம் கலந்தேன். லேபிள்படி பார்த்தால் 260 கிராமுக்குள்தான் வந்திருக்க வேண்டும். நாற்பது கிராமுக்கு மேல் அதிகம்! பெரிய தாளில் படத்தோடு விளக்கமாக இருக்கிறதே, அதுதான் சரி என்று நம்பியது என் குற்றமானால் ஒப்புக்கொள்கிறேன்.

சந்தேகம் தீர, மிச்சமிருந்த பிசினை இரண்டு மைலோ டின் மூடிகளில் ஊற்றினேன். ஒன்று லேபிள்படி, மற்றது தாள்படி. இரண்டும் ஒரே சன்னல் ஓரம், ஒரே மழை, உங்கள் பையன் சொன்ன அதே பினாங்கு ஈரம். லேபிள்படி கலந்தது மறுநாள் மாலையே கரண்டியால் தட்டினால் டங்கென்று கேட்டது. தாள்படி கலந்ததில் ஆறாம் நாளும் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்தது. இரண்டையும் படமெடுத்து விளக்கமாக எழுதி அனுப்பினேன். பதிலுக்கு உங்கள் தரப்பிலிருந்தும் ஒரு கட்டைவிரல் வந்தது, மஞ்சள் நிறத்தில், மேல்நோக்கி.

வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை ஊரில் இருக்கும் உங்கள் கிளை விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

அதே செவ்வாய்க்கிழமைப் பையன், படம் போதாது, பொருளை நேரில் கொண்டு வந்தால்தான் பரிசோதிக்க முடியும் என்றார். தூசி ஒட்டாமல் தாள் போட்டு மூடிக்கொண்டு வரச் சொன்னதும் அவர்தான். சரி என்று, தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை 17ஆம் தேதி, அண்டை வீட்டுச் சீனப் பெரியவரின் வேனைக் கேட்டு வாங்கி, இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்து, காலும் பலகையுமாக ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். முறுக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு வந்த நாள் அது. கிளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 12.25. வெள்ளிக்கிழமை என்பதால் கவுன்டர் 12.15 முதல் 2.45 வரை மூடல். தொழுகை நேரத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அது நாடறிந்த நேரம். ஆனால் "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று சொன்னவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்த வெயிலில் வேன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றது. மேசை உள்ளே வெந்தது. கவுன்டர் திறந்ததும் இளைஞர் ஒருவர் வெளியே வந்தார். வேனுக்குள் ஏறக்கூட இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தீர்கள், மேடம்? படம் அனுப்பினாலே போதுமே" என்றார்.

நான் அங்கே என்ன சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து தாளை உரித்தேன். வரவில்லை. வெயிலில் இளகிய பிசினில் நாளிதழ் பதிந்துவிட்டது. தண்ணீர் தொட்டுத் தொட்டுச் சுரண்டியதில் தாள் போனது, மை போகவில்லை. இப்போது அம்மாவின் சேலைக் கரைமேல், கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடம் வலமாக, ஒரு நகைக்கடை விளம்பரமும் பாதித் தங்க விலையும் இருக்கின்றன. பக்கத்தில் இரண்டு எறும்புகள். அவை மட்டும் நன்றாகப் பதிந்திருக்கின்றன.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு நாற்பது பேர் வந்தார்கள். கூடத்தின் நடுவில் படுக்கை விரிப்பு போர்த்திய ஏதோ ஒன்று நின்றது. என் நாத்தனார், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். என் தலைமுறையில் இப்படி ஒரு தீபாவளி வந்ததில்லை. இனி அந்தக் கூடத்தில் உட்கார எனக்கு மனம் வருமா என்றே தெரியவில்லை.

என் கோரிக்கைகள் அதிகம் இல்லை. பிசினின் விலையைத் திருப்பித் தர வேண்டும். பலகையைச் சுரண்டி எடுக்கத் தச்சர் கேட்கும் 380 ரிங்கிட்டைத் தர வேண்டும். வேனுக்கு எண்ணெய், கூலி, தீவுக்குத் திரும்பும்போது கட்டிய டோல் 5 ரிங்கிட் 74 சென். அந்த 74 சென்னை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சேலைக்கும் இஞ்சு நாடாவுக்கும் விலை போடச் சொன்னால் என்னால் முடியாது, ஆகவே மொத்தம் 12,000 ரிங்கிட் என்று எழுதுகிறேன். அதிகம் என்று தோன்றினால் என்னோடு பேசுங்கள், நான் பேசத் தயார். ஒன்பது முறை பேசியவளுக்குப் பத்தாவது முறை பெரிதல்ல. ஆனால் விளக்கத் தாளைத் திருத்துவதில் பேச்சுக்கு இடமில்லை. கடைகளில் இருக்கும் எல்லாப் பெட்டிகளிலும் அது மாற வேண்டும். இன்று எங்கோ ஒருத்தி தன் மகனின் முதல் சட்டையையோ, மாமியாரின் கல்யாணப் படத்தையோ பரப்பிவைத்துத் தராசைத் தேடிக்கொண்டிருப்பாள்.

உங்கள் நிறுவனத்தின்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. உங்கள் மர மெழுகை ஆறு ஆண்டுகளாக வாங்குகிறேன், அது நல்ல பொருள். ஆனாலும் 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிவேன். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். நான் கேட்பது அதில் கால்வாசிகூட இல்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை நான் படித்துவிட்டேன். இரண்டு மைலோ மூடிகளும் சாட்சிக்குப் பத்திரமாக இருக்கின்றன. இக்கடிதத்தின் நகல் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் போகும். அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று பணிவோடு நம்புகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(மூன்று புகார் எண்களையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான்காவது வேண்டாம்.)

பி.கு.: மேசையைப் பார்க்க யாரையாவது வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பையனை அனுப்ப வேண்டாம். இல்லை, அவரையே அனுப்புங்கள். காப்பி கலந்து தருகிறேன். குவளையை அந்த மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக் குடிக்கட்டும்.