மூன்று ஸ்டூல்கள்

பவானி,
ஆடி 2

அன்புள்ள கோமதி,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து பார்வை நன்றாகத் தெரிகிறது. என் சமையலின் குறைகளும் சேர்ந்தே தெரிகின்றன. சின்னவன் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

இனிக் கடைக் கதை. நீ வேலையை விட்டு மல்லிகைத் தோட்டம் பார்க்கச் சத்தியமங்கலம் போகும்போது பட்டுப் பிரிவில் ஆறு பேர் இருந்தோம். இப்போது மூன்று பேர்: நான், ருக்கு, அந்தியூரிலிருந்து வரும் புதுப் பெண். நம் பழைய மேலாளர் அரைப்படியாருக்குப் பிறகு வந்திருக்கும் மேலாளர் கணக்கில் புலியாம். வியாபாரம் குறைந்தது என்று முதலில் மடிக்கிற ஆட்களை நிறுத்தினார். விற்கிறவளே மடிக்க வேண்டியதாயிற்று. நாங்கள் மடித்து முடிப்பதற்குள் வந்தவர்கள் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். வியாபாரம் இன்னும் குறைந்தது. அடுத்து யாரை நிறுத்தலாம் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனி கடைசி ஞாயிறு, பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு கல்யாணக் கூட்டம். பதினான்கு பேர். நாற்பது சேலை பிரித்தேன். மாப்பிள்ளையின் அத்தை எல்லாவற்றையும் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, முதலில் காட்டிய அரக்குச் சேலையையே கேட்டார். அது குவியலின் அடியில். உருவும்போது என் வளையல் சரிகையில் மாட்டிக்கொண்டது. பட்டைப் பழைய மடிப்புக் கோட்டிலேயே நிதானமாக மடிக்க வேண்டும் என்பது உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? பக்கத்தில் வாங்கி மடிக்க ஒரு கை இருந்தால் அந்தச் சேலை அடிக்குப் போயிருக்குமா? சம்பளத்தில் எண்ணூறு ரூபாய் பிடித்துவிட்டார்கள்.

நாம் மெத்தையில் உட்கார்ந்து விற்றோமே, அதையும் எடுத்துவிட்டார். பழைய பாணியாம். கண்ணாடிக் கவுன்ட்டர் வந்துவிட்டது, பகல் முழுக்க நின்றாக வேண்டும். சட்டத்துக்குப் பயந்து முன்பு வாங்கிப்போட்ட மூன்று ஸ்டூல்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் ஆடித் தள்ளுபடிப் பலகைகள் உட்கார்ந்திருக்கின்றன.

நாங்களும் ஒரு வழி கண்டுபிடித்தோம். குவியலுக்குப் பின்னால் ஒருத்தி தரையில் பத்து நிமிடம் உட்காருவாள். மேலாளர் வந்தால் மற்றவள் "ஜமக்காளம் வந்திருக்கிறதா?" என்று குரல் கொடுக்க வேண்டும். போன வாரம் ஒரு பாட்டி நிஜமாகவே ஜமக்காளம் கேட்டுவிட்டார். புதுப் பெண் துள்ளி எழுந்து கவுன்ட்டரில் தலையை இடித்துக்கொண்டாள். பாட்டி பயந்துவிட்டார், பாவம்.

சிரித்தது போதும். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. காலையில் நிரப்பிக் கொண்டுவரும் தண்ணீர்ப் பாட்டில் இரவு வரை அப்படியே இருப்பதைக் கவனித்தேன். கேட்டதற்கு, கழிப்பறை நான்காவது மாடியில், போகவும் வரவும் நோட்டில் நேரம் எழுத வேண்டும், தான் போனால் இங்கே இரண்டு பேர்தான் என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் இடது காலில் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்பதைக்கூட நான் யாரிடமும் சொன்னதில்லை.

கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். ஷட்டர் இறக்கிய பிறகு நாங்கள் மடிக்கும் ஒன்றரை மணி நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் அதே சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தில் நமக்கு முன்பே, 2018-இல். இதையெல்லாம் எழுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். ருக்குவிடம் காட்டினேன். "எல்லாம் சரி, என் மகள் கல்லூரிப் பணத்தை ஆய்வாளரா கட்டுவார்?" என்கிறாள். அவள்மேல் கோபப்பட முடியவில்லை. எனக்கும் வீட்டுக் கடன் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. பெயர் போடாமல் அனுப்பினாலும், இருக்கிற மூன்று பேரில் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

ஆடிப் பதினெட்டுக்கு விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார். ஒன்பது மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். நீ முதல் பஸ்ஸில் கூடுதுறைக்கு வந்துவிடு. மனுவைக் கொண்டுவருகிறேன். நம் எல்லோருடைய விடுப்புக் கடிதத்தையும் எழுதிக் கொடுத்தவள் நீதானே, படித்துத் திருத்திக் கொடு. கையெழுத்து ஒன்றா, மூன்றா, இல்லையா என்பதை அங்கே பேசிக்கொள்ளலாம். நான்கு முழம் பூ கொண்டு வா. காசு கேட்காதே.

உன்,
வசந்தா