படகுக்காரரின் அம்மாவும் உன் அப்பாயியும்

அப்புத்தளை

அன்பு மகளுக்கு,

நீ எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உன் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணம் திரட்ட ஒரு தேநீர் விருந்து வைக்கிறார்கள், அதில் தேயிலையைப் பற்றிப் பேச உன்னை அழைத்திருக்கிறார்கள் என்பதில் எங்களுக்கு அத்தனை மகிழ்ச்சி. நீ அப்புத்தளைக்காரி என்றதுமே அவர்கள் தேயிலை வியாபாரி சர் தாமஸ் லிப்டன் பேரை எடுத்தார்கள் என்கிறாய். எடுக்கத்தான் செய்வார்கள். அவர் பிறந்து வளர்ந்த கிளாஸ்கோவில் நீ இருக்கிறாய். அவர் விலைக்கு வாங்கிய மலையின் அடிவாரத்தில் நாங்கள் இருக்கிறோம். "அந்த மனிதரைப் பெருமையாகப் பேசுவதா, கோபமாகப் பேசுவதா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். அவர் வாழ்க்கையை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய். என் எண்ணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய தாய் தகப்பன் இருவரும் அயர்லாந்தின் பெர்மனா பகுதியிலிருந்து உருளைக்கிழங்குப் பஞ்சக் காலத்தில் பிழைப்புத் தேடி கிளாஸ்கோவுக்கு வந்தவர்கள். கோர்பல்ஸ் என்ற ஏழைகள் பகுதியில் வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி விற்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் சிறு வயதிலேயே இறந்துபோக, இவர் ஒருவரே மிஞ்சினார். கடையில் முட்டை எடுத்துக் கொடுக்கிற வேலையை அம்மாவிடம் விட்டுவிடுங்கள் என்று பையனாக இருக்கும்போதே அப்பாவிடம் சொன்னாராம். அம்மாவின் கை சின்னது, அதில் முட்டை பெரிதாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. அந்த வயதில் அவர் கண் அம்மாவின் கையில் இருந்திருக்கிறது என்பதை நீ மனதில் வைத்துக்கொள்.

படிப்பைப் பாதியில் விட்டு, கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்ட்டுக்கும் ஓடிய நீராவிக் கப்பலில் எடுபிடிப் பையனாக வேலை பார்த்தார். கடல் ஆசை அங்கேதான் பிடித்திருக்க வேண்டும். அடுத்து அமெரிக்கா. அப்போதுதான் அங்கே உள்நாட்டுப் போர் ஓய்ந்திருந்தது. வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் கூலி வேலை, தென் கரோலினாவில் நெல் தோட்டத்தில் வேலை, கடைசியில் நியூயார்க்கில் பெரிய கடை ஒன்றில் விற்பனை வேலை. ஆம் மகளே, தோட்டத்துக் கூலி என்றால் என்ன என்று தெரிந்த மனிதர்தான் அவர். ஊர் திரும்பும்போது அம்மாவுக்கு ஒரு ஆடுநாற்காலியும் ஒரு பீப்பாய் மாவும் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 1871 மே மாதம் ஸ்டாப்கிராஸ் தெருவில் சொந்தக் கடையைத் திறந்தார். இடைத்தரகர் இல்லாமல் சரக்கை நேரே வாங்குவது, கடையைப் பளிச்சென்று வைப்பது, ஊர் முழுக்க விளம்பரம் செய்வது என்பதே அவர் வழி. இருபது வருடத்திற்குள் பிரிட்டன் முழுக்க நூற்றுக்கணக்கான கடைகள்.

1889இல் அம்மா போனார். அடுத்த வருடமே அப்பாவும் போனார். அந்த 1890இல்தான் அவர் இலங்கைக்கு வந்தார். காப்பிச் செடியில் விழுந்த இலைநோய் தோட்டம் வைத்திருந்த பழைய வெள்ளைக்காரத் துரைமார்களைக் கடனாளியாக்கிவிட்ட காலம் அது. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. இங்கே தம்பேதன்ன தோட்டத்தையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் வாங்கினார். அப்போது அப்புத்தளைக்கு ரயில்கூட இல்லை, 1893இல்தான் வந்தது. லண்டனில் இறாத்தல் (கிட்டத்தட்ட அரைக் கிலோ) மூன்று ஷில்லிங் வரை விற்ற தேயிலையை, இவர் பொட்டலம் கட்டி ஒரு ஷில்லிங் ஏழு பென்ஸுக்கு விற்றார். ஏழைத் தொழிலாளியின் வீட்டிலும் தேநீர் கொதித்தது. இதை நீ அங்கே நன்றியோடு சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்த விலை இறங்குவதற்கு இந்த மலையில் யார் குனிந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்.

இனி படகுக்கு வருகிறேன். அங்கே எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

அமெரிக்கக் கோப்பை என்ற பாய்மரப் படகுப் போட்டி 1851இல் தொடங்கியது. முதல் முறை அமெரிக்கர்கள் வென்று கொண்டுபோன கோப்பையை மீட்க பிரிட்டன் திரும்பத் திரும்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. லிப்டன் 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து முறை போட்டிக்குப் போனார். ஐந்து படகுக்கும் ஷாம்ராக் என்றே பெயர், பச்சை வண்ணம். ஐந்து முறையும் தோற்றார். சுக்கான் பிடித்தவர் அவரல்ல. படகு கட்டவும் ஆட்களை வைக்கவும் பணம் போட்டுவிட்டு, எரின் என்ற தன் நீராவிக் கப்பலின் தளத்தில் நின்று பார்ப்பார். போட்டிக்கு வரும் படகு தன் பாயிலேயே அட்லாண்டிக்கைக் கடந்து வர வேண்டும் என்பது விதி. அதனால் பெருங்கடலைத் தாங்கும்படி இவர் படகை உறுதியாகக் கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்கர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1903இல் அவர்கள் இறக்கிய ரிலையன்ஸ் படகில் 16,000 சதுர அடிக்கு மேல் பாய் இருந்தது. அதற்கு எதிரே மூன்றாவது ஷாம்ராக்கால் ஒரு பந்தயம்கூட வெல்ல முடியவில்லை.

1920ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அந்தப் படகு 1914இலேயே புறப்பட்டது. நடுக்கடலில் இருக்கும்போது போர் மூண்டுவிட்டது. அமெரிக்கா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் கரையில் கிடந்தது. போட்டி நடந்தபோது மூன்று பந்தயம் வென்றால் கோப்பை என்ற நிலையில், முதல் இரண்டையும் ஷாம்ராக் வென்றுவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. மூன்றாவது பந்தயத்தில் இரண்டு படகும் ஒரே நேரத்தை எடுத்து ஓடின, ஒரு நொடிகூட வித்தியாசமில்லை. ஆனால் ஷாம்ராக் பெரிய படகு என்பதால் எதிர்ப் படகுக்கு ஏழு நிமிடம் ஒரு நொடி சலுகை இருந்தது. அந்தச் சலுகையில் வெற்றி கைமாறியது. அடுத்த இரண்டும் போயின. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் குறை சொல்லவில்லை, நடுவரைத் திட்டவில்லை. பத்து வருடம் கழித்து மறுபடியும் ஒரு படகைக் கட்டிக்கொண்டு போய் நான்குக்குச் சுழியம் என்று தோற்றார். அமெரிக்க மக்கள் மனம் பொறுக்காமல் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, தங்கத்தில் ஒரு கோப்பை செய்து, 1930 டிசம்பரில் நியூயார்க் நகர மண்டபத்தில் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கியவரால் சரியாகப் பேசவே முடியவில்லையாம்.

அந்த ஓட்டங்கள் அமெரிக்காவில் அவர் தேயிலைக்கு நல்ல விளம்பரமும்தான். அதற்காக அவர் கடல் ஆசையைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆசையும் வியாபாரமும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருந்தன. உலகப் போர் வந்ததும் எரின் கப்பலை மருத்துவர்களையும் தாதியரையும் செர்பியாவுக்கு ஏற்றிப்போகக் கொடுத்தார். டைபஸ் காய்ச்சல் கொத்துக்கொத்தாக மக்களைக் கொன்ற 1915இல் தானே நீஷ் நகருக்குப் போய் மருத்துவமனைகளைப் பார்த்தார். நீ தாதி என்பதால் இதை விடாமல் எழுதுகிறேன். அந்தக் கப்பல் பிறகு கடற்படைக்குப் போய், 1916இல் மால்டா அருகே கண்ணிவெடியில் மூழ்கிவிட்டது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்கு இணையாக ஒருத்தியைக் காணவில்லை என்று சொல்வாராம். மன்னர் ஏழாம் எட்வர்டுக்கே நண்பர். அப்படியிருந்தும் பலசரக்குக் கடைக்காரர் என்பதற்காக கௌஸ் நகரின் அரச படகுக் கழகம் அவரை நீண்ட காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. அயர்லாந்தின் அல்ஸ்டர் படகுக் கழகத்தின் பெயரில்தான் போட்டியிட்டார். 1931இல் ஒருவழியாகச் சேர்த்தார்கள். அந்த வருடம் அக்டோபரில் இறந்துபோனார். பிள்ளை இல்லாத சொத்தில் பெரும்பகுதியை உன் கிளாஸ்கோ நகருக்கே எழுதி வைத்தார், வென்ற கோப்பைகள் உட்பட. கோர்பல்ஸ் பக்கத்தில் தெற்கு நெக்ரோபோலிஸ் என்ற இடுகாட்டில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா.

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். அவர் நல்ல மகன். தோல்வியை ஏற்றுக்கொள்ளத் தெரிந்த மனிதர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தன் தாயின் கையை அத்தனை உற்றுப் பார்த்தவர், இந்த மலையில் தனக்காகக் கொழுந்தெடுத்த தாய்மார்களின் கையைப் பார்த்தாரா? கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் படத்தைத் தேயிலை விளம்பரத்தில் போட்டார்கள். அவளுக்குப் பெயர் இல்லை. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து, ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணியின் கடனோடு வந்தவள் அவள். அந்தக் கடனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கைமாற்றுகிற முறை 1921 வரை சட்டப்படியே இருந்தது. அதே காலத்தில்தான் ஷாம்ராக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் இறங்கின. கோபம் எனக்கு இந்த இடத்தில்தான் வருகிறது, அது வரவேண்டிய கோபம் என்றே நினைக்கிறேன்.

உன் அப்பாயியின் கை உனக்கு நினைவிருக்கும். அவள் வேலை செய்தது வேறு ஒரு தோட்டத்தில். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துச் சாறு ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு. நகத்தின் ஓரம் வெடித்திருக்கும். குழம்புக்கு உப்புப் போடும்போது எரிகிறது என்று அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டு மற்ற விரல்களால் அள்ளிப் போடுவாள். விடியற்காலை பெரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் நின்று, படங்கை, அதாவது இடுப்பைச் சுற்றும் முரட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவாள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மழைநாளில் ஈரத்துக்கென்று கூடைக்கு இத்தனை கிலோ கழித்துவிடுவார்கள். அட்டை கடித்த காலோடு வந்து லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து எனக்குப் பாடம் ஒப்பிக்கச் சொல்வாள், அவளுக்கு எழுத்து தெரியாது.

1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவளையும் லட்சக்கணக்கானவர்களையும் நாடற்றவர்களாக்கியது. அவளும் அவள் வயதுப் பெண்களும் தோற்றதை நினைத்து யாரும் காசு சேர்க்கவில்லை. அதனால் உன் கேள்விக்கு என் பதில்: லிப்டனைப் பற்றி நல்லதை முழுவதும் சொல், மறைக்காதே. அவர் அம்மாவின் கையைப் பற்றிய கதையையும் சொல், கேட்பவர்களுக்குப் பிடிக்கும். அது முடிந்தவுடனே, மூச்சு விடாமல், அப்பாயியின் விரல்களைப் பற்றிச் சொல். நீ அங்கே ஊசி போடக் கை தொடுகிற ஒவ்வொருவருக்கும் அது புரியும். மன்னிப்புக் கேட்பதுபோல் பேச வேண்டாம். சண்டைக்குப் போவதுபோலவும் வேண்டாம். நீ அவள் பேத்தி, உனக்குத் தெரிந்ததைச் சொல்கிறாய், அவ்வளவுதான்.

பேச்சை எழுதி முடித்ததும் மேடைக்குப் போவதற்கு முன் தொலைபேசியில் எங்களுக்கு வாசித்துக் காட்டு. பெரிய அத்தையையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் மலைக்குப் போகிறவள். கொழுந்து விஷயத்தில் எங்காவது பிசகியிருந்தால் என்னைவிட அவள்தான் சரியாகச் சொல்வாள். ஞாயிறு மாலை என்றால் அவளுக்கு வசதி.

அன்புடன்,
அப்பா