பாண்டு பேப்பர்

கோவை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மொட்டைமாடிக்கு மட்டும் ஏறாதே.

பையன் மூன்றாவது கம்பெனிக்கு மாறிவிட்டான் என்று புலம்பியிருக்கிறாய். இங்கேயும் அதே கதைதான். எங்கள் டிசைன் செக்‌ஷனில் நாலு வருஷம் இருந்த பெண் போன மாதம் வேலையை விட்டுவிட்டாள். போர்வெல் பம்ப்பை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டே உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் உரசுகிறது என்று சொல்லிவிடுவாள். அதை எந்த ஃபைலில் எழுதிவைப்பது? அவள் போனதும், பம்ப்பைச் சோதிக்கும் டெஸ்ட் பெட் மூன்று வாரம் சும்மா கிடந்தது.

முதலாளிக்குக் கோபம். வேலையை விட்டால் இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று எல்லாரிடமும் பாண்டு எழுதி வாங்கச் சொன்னார். வக்கீல் சிரித்துவிட்டார். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆவது பிரிவுப்படி அது செல்லாதாம்.

வேடிக்கை என்னவென்றால், கலிபோர்னியாவிலும் அதே 1872இல் இதே மாதிரி சட்டம் வந்திருக்கிறது. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லி அங்கே ஒரு கம்பெனி நடத்தினார். அவர் நோபல் பரிசு வாங்கிய மறுவருஷமே, 1957இல், அவருடைய கெடுபிடி தாங்காமல் அவரிடம் வேலை பார்த்த எட்டுப் பேர் சேர்ந்து வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். துரோகிகள் என்று பெயர் வந்தது. ஆனால் சிப் செய்யும் பிளேனார் முறை அங்கேதான் பிறந்தது. அந்த எட்டில் நாய்ஸும் மூரும் 1968இல் அங்கிருந்தும் கிளம்பி இன்டெல்லைத் தொடங்கினார்கள். ஷாக்லியின் கம்பெனி கடைசிவரை லாபமே பார்க்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். அந்தப் பெண்ணின் இடத்துக்கு ஒரு ஃபேன் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். புது இம்பெல்லர் என்றால் நாங்கள் பேட்டர்ன் செய்து, வார்த்து, கடைந்து பார்க்க ஆறு வாரம் ஆகும். அவன் பிளாஸ்டிக்கில் த்ரீடி பிரிண்ட் போட்டு நாலாம் நாளே தண்ணீரில் ஓட்டிக் காட்டினான். அங்கே இறக்கை செய்யும்போது கற்றுக்கொண்டதாம். இங்கேயே இருபது வருஷம் இருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆனால் எட்டு மாதத்துக்கு ஒருமுறை தாவுகிறவனை நான் எடுக்கமாட்டேன். குழியில் இறக்கிய பம்ப் இரண்டு கோடை தாங்குகிறதா என்று பார்க்காதவனுக்கு, தான் செய்த தப்பு எதுவென்றே தெரியாது.

சரி, பொங்கலுக்குப் பையனை இங்கே அனுப்பு. மூன்று கம்பெனியிலும் என்ன கற்றுக்கொண்டான் என்று நானே கேட்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்