அதிர்ஷ்டம் அல்ல, துணிச்சல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்தின் 2018 சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை எங்கள் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 41-33 என வீழ்த்திய செய்தியைப் படித்தேன். அதை அதிர்ஷ்டம் என்று எழுதியதைத்தான் ஏற்க முடியவில்லை. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் முதல்நிலை குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் முந்தைய டிசம்பரிலேயே முழங்கால் காயத்தால் விலகிவிட்டார். வந்தவர் மாற்று வீரர் நிக் ஃபோல்ஸ். இடைவேளைக்குச் சற்று முன், எல்லைக்கோட்டுக்கு ஒரே கெஜம், நான்காவது, அதாவது கடைசி முயற்சி. உதைத்து 3 புள்ளி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வழக்கமாகப் பந்தை வீசும் ஃபோல்ஸே எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிப்போய், சக வீரர் வீசிய பந்தைப் பிடித்தார்! பக்கத்து வீட்டுப் பெரியவர் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. அதற்கு முன் அணி கடைசியாகப் பட்டம் வென்ற 1960-இல் அவர் பள்ளிச் சிறுவன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள்: அந்த ஒரு நகர்வை வைத்தே இவ்விளையாட்டின் விதிகளைப் படத்துடன் விளக்கி விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர், ஃபிலடெல்ஃபியா